கைதட்டிச் சுனையும் சுஷிமாக் காற்றும்

(தொண்டாமுத்தூரில் வாசக அன்பர்கள் கூடிய சபையொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அறிவித்தபோது, அது சிலம்பமாகவோ கபடியாகவோ இருக்கும் என்று எண்ணி வந்தவர்கள் இங்கே பலர் இருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்ட விஷயம், தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்து, இரு கைகளுக்கும் அடங்கிய ஒரு கருவியை வைத்துக்கொண்டு ஆடுகிற வீடியோ விளையாட்டு. அதிலும் ஜப்பான் தேசத்துச் சாமுராய் வீரன் ஒருவனைப் பற்றியது. அதிலும் அவன் வாள் வீசும் பகுதியை விட்டுவிட்டு, காற்றையும் பூவையும் பறவையையும் மலையின் உருவத்தையும் பார்த்து அவன் வழி கண்டுபிடிக்கும் பகுதி மட்டுமே. எழுபதைக் கடந்த ஒருவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். நிலத்தைப் பார்த்து அறிகிற வித்தை நம்முடைய ஊரில் வயோதிகர்களோடு போய்விடுமோ என்று பல காலமாக வருந்திக்கொண்டிருந்தவன் நான். அதே வித்தையை அன்னிய தேசத்தார் விளையாட்டாகச் செய்து, என் வீட்டுக் கூடத்துக்கே அனுப்பி வைத்ததைக் கண்டபோது எனக்கு உண்டான ஆச்சரியம் இன்னும் அடங்கவில்லை.

அது ஓர் ஆனி மாதத்து மாலை. வெளியே மேகாற்று தென்னை மட்டைகளை முறுக்கிக்கொண்டிருந்தது. என் மகள் வயிற்றுப் பேத்தி கூடத்திலிருந்து, "அப்பச்சி, இங்க வந்து காத்தைப் பாருங்க!" என்று கூப்பிட்டாள். காற்றைக் கேட்கலாம், உடம்பில் உணரலாம். பார்ப்பதென்பது எப்படி என்று யோசித்துக்கொண்டே போனேன். திரையில் ஒரு வீரன் குதிரையின் மேல் தனியே நின்றான். அவனைச் சுற்றிலும் நாணலைப் போன்ற வெண்ணிறப் புல், இடுப்பளவு. என் பேத்தி கையிலிருந்த கருவியின் நடுவே விரலை ஒருமுறை மேல்நோக்கித் தடவினாள். அவ்வளவுதான், அந்தப் புல்வெளி முழுவதும் ஒரே திசையில் தலை சாய்ந்தது, உதிர்ந்த இலைகள் அத்திசை நோக்கிப் பறந்தன, வீரனின் மேலாடையும் அப்படியே படபடத்தது. "அந்தப் பக்கந்தானுங்க போகோணும்" என்றாள் பேத்தி.

அந்த விளையாட்டின் பெயர் 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து பெல்வியூ நகரிலுள்ள சக்கர் பஞ்ச் என்னும் நிறுவனத்தார் இயற்றியது; 2020 ஜூலையில் வெளியாயிற்று. கதைக்கு ஆதாரம் மெய்யான சரித்திரம். 1274ஆம் ஆண்டு நவம்பர் மாதம், குப்லாய் கானின் மங்கோலியப் படை கொரியாவிலிருந்து கப்பலேறி வந்து, ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் நடுவிலுள்ள சுஷிமாத் தீவில், கொமோதா என்னும் கடற்கரையில் இறங்கிற்று. தீவின் காவலனாகிய சோ சுகேகுனி என்பவன் ஏறக்குறைய 80 குதிரை வீரர்களோடு எதிர்த்து நின்று மடிந்தான். அந்தப் போரில் தப்பிப் பிழைத்த ஜின் சகாய் என்ற கற்பனை வீரன் தீவை மீட்கப் புறப்படுவதே ஆட்டத்தின் கதை. அந்தக் கதையைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்லப்போவதில்லை. போர்க் கதைகள் உலகில் எங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன, அண்ணன்மார் கதையை விடிய விடியக் கேட்டு வளர்ந்த கொங்கு நாட்டாருக்கு அவை புதியவையும் அல்ல.

புதியது வழி காட்டும் முறை. இத்தகைய 'திறந்த உலக' விளையாட்டுகளில் ஆடுபவன் எங்கு வேண்டுமானாலும் திரியலாம். ஆகையால் வழி தவறாமலிருக்கத் திரையின் மூலையில் ஒரு சிறு வரைபடம் எப்பொழுதும் சுழன்றுகொண்டிருப்பது வழக்கம். ஆடுபவனின் கண் அந்த மூலையிலேயே பதிந்துவிடும். மலையும் காடும் கடலும் வீணாகிப்போகும். சுஷிமாவைச் செய்தவர்கள் அந்த மூலைப் படத்தை எடுத்தெறிந்துவிட்டுக் காற்றிடம் வேலையைக் கொடுத்தார்கள். வெந்நீர் ஊற்று இருக்குமிடத்தில் ஆவி எழும். பகைவன் கொளுத்திய கிராமத்திலிருந்து கரும்புகை எழும். குன்றின் உச்சியில் ஜப்பானியக் கோயிலின் 'தோரி' வாயில் தெரிந்தால் அங்கே ஒரு சந்நிதி உண்டு, ஆனால் அதற்குப் போகும் படி இடிந்திருக்கும், பாலம் அறுந்திருக்கும், எந்தப் பாறையிலிருந்து எந்தப் பாறைக்குத் தாவுவது என்பதை நின்று பார்த்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். நரியொன்று புதரிலிருந்து வெளிப்பட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடும். பின்தொடர்ந்தால் இனாரி தெய்வத்தின் சிறு பீடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அத்தகைய நரிவளைகள் தீவில் 49 இருக்கின்றன. வழிபட்டு முடித்தபின் நரி அருகில் வந்து நிற்க, வீரன் குனிந்து அதன் கழுத்தைத் தடவிக்கொடுக்கிறான். என் பேத்தி 49 நரிகளில் ஒன்றையும் தடவாமல் விட்டதில்லை.

இந்த இடத்தில் காற்றைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச அனுமதி வேண்டுகிறேன். ஏனென்றால் காற்றைப் பற்றிப் பேசுவதற்குக் கோயம்புத்தூர் ஜில்லாவைவிடத் தகுந்த இடம் தமிழ் வழங்கும் பிரதேசத்தில் வேறு இல்லை. வடக்கே நீலகிரி 2,637 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. தெற்கே ஆனைமலைத் தொடரில் ஆனைமுடி 2,695 மீட்டர். இந்த இரண்டு சுவர்களுக்கும் நடுவில், முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிற ஒரே வாசல் பாலக்காட்டுக் கணவாய். அரபிக் கடலில் புறப்பட்ட தென்மேற்குக் காற்று மலைமேல் ஏற மாட்டாமல் இந்த வாசலில் நெருக்கிக்கொண்டு நுழைந்து, நுழைந்த வேகத்திலேயே பல்லடம் வரைக்கும், உடுமலை வரைக்கும் வீசுகிறது. அங்கே இன்று நிற்கும் காற்றாலைகள் எல்லாம் இந்த வாசலின் தயவால் சுழல்கின்றவை. தன் மழையை மலையாளத்திலும் மலைமுடிகளிலும் பெய்துவிட்டு, நமக்குச் சாரலையும் குளிர்ச்சியையும் மட்டும் கொண்டுவரும் அந்தக் காற்றைப் பார்த்து ஆடிப் பட்டத்துக்கு விதை எடுத்தவர்கள் நம் முன்னோர்.

தமிழர் காற்றுக்கு நான்கு பெயர் வைத்தார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. நான்கும் அவை புறப்பட்டு வரும் திசையால் பெற்ற பெயர்கள் என்பதைக் கவனியுங்கள். சுஷிமாக் காற்றோ போய்ச்சேர வேண்டிய இடத்தைக் காட்டுவது. இந்த வேற்றுமை சிறிதாகத் தோன்றலாம். எனக்கு அது பெரிதாகப் படுகிறது. மெய்யான காற்று தான் கடந்து வந்த கடலையும் மலையையும் நமக்குச் சொல்லுகிறது; நாம் எங்கே போக விரும்புகிறோம் என்பது அதற்குத் தெரியாது. ஆட்டத்துக் காற்றோ ஆடுபவனின் விருப்பத்தை அறிந்து, அவன் குறித்த இடத்தை நோக்கியே வீசுகிறது. கதையில் யூரிக்கோ என்ற முதிய பணிப்பெண், இறந்த தந்தை காற்றாகவும் தாய் பறவையாகவும் மகனுக்குத் துணை வருவதாகச் சொல்லுகிறாள். ஆகவே அந்தக் காற்றின் பரிவுக்கு ஒரு நியாயம் உண்டு. மனத்தை உருக்குகிற கற்பனை. ஆனால் அதைப் புதிர் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. கேட்டவுடன் விடை சொல்லிவிடுகிற துணையாக இருக்கிறது அந்தக் காற்று.

அந்த ஆட்டத்தில் மெய்யான புதிர்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. இசைவாணன் ஒருவன் வழிப்போக்கர்களுக்குப் பழங்கதை சொல்லுகிறான். ததாயோரி என்ற வில்வீரனின் கவசம் எங்கோ புதைந்து கிடக்கிறது. ஊதாப் பூக்கள் பூத்த வழியே போனால் அகப்படும் என்கிறது கதை. அம்புக்குறி இல்லை, கோடு இல்லை. தீவின் பல நிறப் பூக்களுக்கு நடுவே ஊதா நிறம் எங்கே திரளுகிறது என்று கண்தான் தேட வேண்டும். இதைக் கண்டதும் நம்முடைய தொல்காப்பியப் பொருளதிகாரம் எனக்கு நினைவு வந்ததில் வியப்பென்ன? நிலத்துக்குப் பூவின் பெயரை இட்டவர்கள் தமிழர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று பூவைச் சொன்னால் நிலம் விளங்கும். நிலம் விளங்கினால் அங்கே இன்ன தெய்வம், இன்ன உணவு, இன்ன விலங்கு, இன்ன மரம், இன்ன பறவை, இன்ன பறை, இன்ன தொழில், இன்ன யாழ் என்று கருப்பொருள் அனைத்தும் வரிசையாக எழுந்து நிற்கும். ஒரு பூவிலிருந்து ஓர் உலகத்தையே ஊகித்துக்கொள்ளச் சொன்ன இலக்கணம் அது. சுஷிமா ஆட்டத்திலும், தெற்கே இசுஹாராப் பகுதியில் பொன்னிற இலைக் காடு, நடுவே தொயோதாமாவில் சதுப்பு நிலம், வடக்கே காமியகத்தாவில் பனி என்று நிலம் பிரிந்து, மயானத்தை நினைவூட்டும் செந்நிற லில்லிப் பூ முதலானவை ஒவ்வொன்றும் ஒரு சங்கேதமாக நிற்கின்றன. மெய்யான சுஷிமாவில் இளவேனிலும் இலையுதிர் காலமும் கடும்பனியும் ஒரே நாளில் ஒருவனுக்குக் கிட்டா என்று சிலர் குறை சொல்லுவதுண்டு. ஒரு நிலத்துக்கு உரியது மற்றொரு நிலத்தில் கலந்து வரும் திணை மயக்கத்துக்கு இடம் கொடுத்த மொழியில் பிறந்த நமக்கு அது குறையாகத் தோன்ற வேண்டியதில்லை.

இன்னொரு புதிர் இதைவிட மேலானது. உச்சித்சுனே என்ற வில்லாளியின் நெடுவில்லைத் தேடிப் போகிறவனிடம் ஓர் இடத்தின் ஓவியம் மட்டும் தரப்படுகிறது. அந்தத் தோற்றம் தீவில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து நீல நிறப் பூக்களைப் பின்பற்ற வேண்டும். என் பேத்தி இரண்டு மாலைப்பொழுது இதிலேயே சிக்கிக்கொண்டாள். மூன்றாம் நாள் நான் அருகில் உட்கார்ந்தேன். கருவியில் எந்தப் பொத்தான் எதற்கென்று எனக்குத் தெரியாது, ஆனால் இருபது வருஷம் ஏரிக்கரைகளிலும் வாய்க்கால் கரைகளிலும் நடந்தவன் என்ற பாத்தியதையில், "அம்மிணி, நீ படத்துல இருக்கறதத் தேடற, படம் போட்டவன் எங்க நின்னுக்கிட்டுப் போட்டான்னு தேடு" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. குதிரையைத் திருப்பிக் கடலோரமாகவே மெள்ள நடத்தினாள். ஒரு மேட்டைச் சுற்றி வரும்போது, அதுவரை வெறும் பாறைகளாகக் கிடந்தவை ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து, சட்டென்று ஓவியத்திலிருந்த உருவமாகக் கூடி நின்றன. அவள் கருவியைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாழிகையும் அந்தப் பாறைகள் அங்கேதான் இருந்தன. எவரும் எதையும் மறைத்து வைக்கவில்லை. விடை திறந்த வெளியில் கிடக்க, அதைக் காணும் நிலைக்கு நம்மை நாமே நகர்த்திக்கொள்ளச் செய்வதுதான் உயர்ந்த புதிர் என்பதை அந்தப் பெண்ணின் முகத்தில் அன்று கண்டேன். பின்னர் 2025இல் இதே நிறுவனத்தார் 'கோஸ்ட் ஆஃப் யோத்தே' என்ற ஆட்டத்தை 1603ஆம் ஆண்டின் எசோ பிரதேசத்தை, அதாவது இன்றைய ஹொக்கைடோவைக் களமாக வைத்து வெளியிட்டபோது, நிலப்படத் துண்டுகளை வாங்கி அவை எந்த இடத்துக்குப் பொருந்தும் என்று ஒப்பிட்டு வைக்கும் வேலையையும் ஆடுபவனிடமே ஒப்படைத்திருப்பதைப் பார்த்து மகிழ்ந்தேன்.

மனக்குறையும் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் போவது ரசிகனுக்கு அழகல்ல. சுஷிமாவில் பொன்னிறப் பறவையொன்று ஆடுபவன் கேட்காமலே வந்து, முகத்துக்கு எதிரே சிறகடித்து, "இங்கே வா, இங்கே வா" என்று அழைத்துக்கொண்டே இருக்கிறது. தடம் பார்த்துச் செல்லும் கட்டங்களிலும், தடத்தை நெருங்கியவுடன் இதை ஆராய் என்று ஒரு குறி திரையில் எழுந்துவிடுகிறது. ஆடுபவன் தோற்றுவிடுவானோ என்ற அச்சத்தால், அவன் கண் செய்ய வேண்டிய பிரயாசையை ஆட்டமே செய்துகொடுத்துவிடுகிறது. தடம் பார்ப்பதென்றால் என்ன என்பதை நான் அறிந்தது இந்த ஊரின் தோட்டமொன்றில்.

நம்முடைய போளுவாம்பட்டிக் காட்டிலிருந்து யானை இறங்கி வாழையையும் சோளத்தையும் தின்றுவிட்டுப் போவது இங்கே ஒருவருக்கும் செய்தியன்று. பரண் கட்டிக் காவலிருந்த முதியவர் ஒருவர், ஒரு விடியற்காலையில் என்னை வரப்போரம் அழைத்துப் போனார். முன்தினம் நீர் பாய்ச்சிய மண்ணில், முறத்தளவு வட்டமாக ஒரு தடம். இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்து, தடத்தின் விளிம்போடு சுற்றி அளந்து, அந்த நீளத்தை இருமடங்காக்கி, பக்கத்துத் தென்னையின் மேல் கையை உயர்த்தி, "இத்தச்சோடு ஒசரமுங்க" என்றார். முன்னங்கால் தடத்தின் சுற்றளவு இருமடங்கானால் யானையின் தோள் உயரம் என்பது வன சாஸ்திரம் கற்றவர்களும் ஒப்புக்கொள்ளும் கணக்கு. அவர் அதோடு நிற்கவில்லை. தடத்துக்குள் ஒரு தும்பைப் பூ விழுந்து நசுங்காமல் கிடந்தது. "பூ மேலதான கெடக்குது? மிதிச்சுப் போனதுக்கப்பறம் உழுந்திருக்குது. காத்து நின்னு ரொம்ப நேரமாச்சு. அப்ப, சாமத்துக்கு முந்தியே போயிருச்சுங்க." அருகில் குறி காட்டுவார் ஒருவருமில்லை, பொற்பறவையும் இல்லை, ஒரு பூ எங்கே கிடக்கிறது என்பதிலிருந்து ஓர் இரவின் சரித்திரத்தை அவர் கட்டி எழுப்பினார். வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் எழுதிய பிருஹத் சம்ஹிதையில், புற்றையும் மரத்தையும் பார்த்து நிலத்தடி நீரைக் கண்டுபிடிக்கும் முறைக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். அந்த ஞானபரம்பரையில் வந்தவர் என்று அந்தப் பரண்காரரை நான் கருதுகிறேன். அவர் இன்று இல்லை.

மேற்கே நிற்கிற வெள்ளியங்கிரிக்கு இப்பொழுது வருகிறேன். மாசி பிறந்தால் மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு பூண்டியிலிருந்து ஏழு மலை ஏறுகிறவர்களை நீங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறீர்கள். உங்களில் பலர் ஏறியவர்கள். அந்தப் பாதையின் பெயர்களை ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள்: வெள்ளை விநாயகர், வழுக்குப் பாறை, பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, சீதை வனம், பீமன் களியுருண்டை, ஆண்டி சுனை. பலகைகளும் கைவிளக்குகளும் இல்லாத காலத்தில், எழுதப் படிக்க அறியாத பக்தன் இருட்டில் ஏறுவதற்கு இந்தப் பெயர்களே வழிகாட்டி. காலை வைக்கும்போது எச்சரிக்கை வேண்டிய இடம் பெயரிலேயே இருக்கிறது; நீர் கிடைக்கும் இடம் பெயரிலேயே இருக்கிறது; உருண்ட பெரும்பாறையை அடையாளம் காணப் பீமனும் அவன் களியும் போதும், ஒருமுறை கேட்ட குழந்தை மறக்காது. கைதட்டிச் சுனையில் கையைத் தட்டினால் நீர் சுரக்கும் என்பது நம்பிக்கை. இருபத்தெட்டு வயதில், மூச்சு வாங்க, நாவறண்டு, நானும் அங்கே நின்று தட்டியிருக்கிறேன். தட்டிவிட்டு எல்லோரும் பேச்சை நிறுத்திக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றோம். அந்த நிசப்தத்தில் பாறையிடுக்கில் சொட்டுச் சொட்டாக நீர் விழும் ஓசை கேட்டது. தட்டியதால் சுரந்ததா, தட்டியபின் வாய்மூடிக் கேட்டதால் தெரிந்ததா என்று தீர்மானிக்கும் உரிமையை மலையிடமே விட்டுவிடுகிறேன். சுஷிமாவில் அத்தனை சந்நிதிகளை அமைத்தவர்களும் இப்படி ஒரு சுனையை அமைக்கவில்லை.

ஆயினும் அவர்களுடைய சிருஷ்டி மெய்யான நிலத்தின் மேல் அன்பை வளர்த்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. மெய்யான சுஷிமாவில், தொயோதாமாவில், வதசுமி என்ற கடற்கரைக் கோயில் இருக்கிறது. அதன் தோரி வாயில்கள் கடலுக்குள்ளிருந்து வரிசையாக நிலத்தை நோக்கி வருகின்றன. 2020 செப்டம்பரில் வீசிய சூறாவளியில் ஒரு வாயில் சாய்ந்துவிட்டது. மீண்டும் நிறுவுவதற்கு 50 லட்சம் யென் வேண்டுமென்று இணையத்தின் வழியே பொதுமக்களிடம் நிதி கேட்டபோது, 2 கோடியே 70 லட்சம் யென்னுக்கு மேல் சேர்ந்தது. அத்தீவை விளையாட்டில் மட்டுமே கண்டிருந்தவர்கள் பல தேசங்களிலிருந்து பணம் அனுப்பியிருந்தார்கள். அதே கோயில், அடக்கமில்லாமல் நடந்துகொண்ட சில பயணிகளால் மனம் நொந்து, 2025இல், வழிபட வருபவர் தவிர மற்றவர் உள்ளே வரவேண்டாம் என்று அறிவித்ததையும் நான் மறைக்கக் கூடாது. ஆட்டத்தில் வீரன் சந்நிதியின் முன் குனிந்து வணங்கிய பின்னரே அருள் பெறுகிறான். வந்தவர்களில் சிலர் காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, குனிந்ததை விட்டுவிட்டார்கள். மலைப்பாதையில் நெகிழிப் பையை எறிந்துவிட்டு இறங்குகிற நம்மவருக்கும் அவர்களுக்கும் நான் வேற்றுமை காணவில்லை.

சென்ற மாதம் பேத்தியை அழைத்துக்கொண்டு நொய்யலில் சித்திரைச்சாவடி அணைக்கட்டு வரையில் நடந்தேன். அங்கே பிரிகிற வாய்க்கால் புதுக்குளம், கோளராம்பதி, நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, குமாரசாமி குளம் என்று குளம் குளமாக நிரப்பிக்கொண்டு கோவை வரைக்கும் போவதை அவளுக்கு விவரித்துச் சொல்ல வேண்டும் என்று எண்ணம். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் நின்றாள். தூரத்தில், பாக்குத் தோப்புக்கு அப்பால், வெண்கொக்குகள் ஒவ்வொன்றாக வந்து, ஒரே இடத்தில் தாழ்ந்து, மரங்களுக்குப் பின்னால் மறைந்துகொண்டிருந்தன. "அப்பச்சி, அங்க ஆரோ தண்ணி திருப்பியிருக்கறாங்க. புதுசா நனைஞ்ச மண்ணு. புழு மேல வந்திருக்கும்" என்றாள்.

இருவரும் வரப்போடு போனோம். தோப்பைச் சுற்றித் திரும்பியதும் செம்மண் வயல் ஒன்று. பாதி நனைந்து கறுத்தும் பாதி காய்ந்து சிவந்தும் கிடந்தது. நனைந்த பாதியில் கொக்குகள். மடையை வெட்டிவிட்டு நின்ற பெரியவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்து, "ஆருங்க அது? வழி தப்பி வந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க அய்யா" என்றாள் என் பேத்தி, "கொக்கைப் பாத்து வந்தமுங்க."